எனக்குப் பலன் தந்த கழற்சிக்காயை அம்மாவுக்கும் கொடுக்கலாமா?

மண்டபத்தை ஒட்டிய கடலோர ஊர் ஒன்றிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

கல்யாணமாகி நான்கு வருடம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இன்னும் குழந்தை இல்லை. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நிறைய நீர்க்கட்டி, பி.சி.ஓ.எஸ். என்று சொல்லி மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தாங்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பிறகு சொந்தக்காரர் ஒருவர் சொல்லி ஒரு வைத்தியரிடம் போய், கழற்சிக்காய்ப் பருப்பும் மிளகும் சேர்த்த சூரணமும், மாதவிடாய் நாட்களில் மலைவேம்பு இலைச் சாறும் ஐந்து மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். அதே காலத்தில் இனிப்பையும் பரோட்டாவையும் விட்டு, தினமும் கடற்கரையில் நடந்து, 74 கிலோவிலிருந்து 68-க்கு வந்திருக்கிறார். கடந்த மூன்று மாதமாக மாதவிடாய் ஒழுங்காக வருகிறது. ஆனால் திரும்ப எடுத்த ஸ்கேனில் "கட்டிகள் அப்படியே இருக்கின்றன" என்றதும் மனம் உடைந்துவிட்டார்.

கடிதத்தின் பின்பகுதி அவருடைய அம்மாவைப் பற்றியது. வயது 54. மாதவிடாய் நின்று ஐந்து வருடம். சிறு வயதிலிருந்தே தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போனவர்; இந்த வருடம் முங்கினால் மூச்சு நிற்கவில்லை என்று போவதை விட்டுவிட்டார். மூன்று மாதமாக வயிறு உப்பிக்கொண்டே வருகிறது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் போகிறது. ஸ்கேனில் இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி, உள்ளே பல அறைகள், சில திடமான பகுதிகள், வயிற்றில் கொஞ்சம் நீர். சினைப்பைப் புற்றில் ஏறக்கூடிய சி.ஏ. 125 என்ற புரதம் ரத்தப் பரிசோதனையில் 148. ராமநாதபுரத்தில் பார்த்த மருத்துவர் தாமதிக்காமல் மதுரைக்குப் போகச் சொன்னார். தாய்மாமா "கத்தி பட்டா பரவிடும்" என்று தடுக்கிறார். வைத்தியரோ, மகளுக்குக் கொடுத்த சூரணத்தோடு நித்தியகல்யாணி இலைக் கஷாயமும் சேர்த்துத் தருகிறேன், புற்றுநோய் மருந்தே அந்தச் செடியிலிருந்துதானே எடுக்கிறார்கள் என்கிறார். கடல்பாசிச் சாறு சினைப்பைப் புற்றுச் செல்களைக் கொல்வதாக ஒரு காணொளியையும் வாசகி பார்த்திருக்கிறார். அம்மாவின் அக்கா 46 வயதில் மார்பகப் புற்றில் இறந்தவர் என்று ஒரு வரியும் இருக்கிறது. அம்மாவுக்கு மூன்று மாதம் மூலிகை கொடுத்துவிட்டு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா, என் கட்டிகளும் பின்னாளில் அப்படி ஆகிவிடுமா, மூலிகையையும் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நான் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் பிரச்சினையை நிதானமாகப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்கிறது. அம்மாவுக்கு அந்த நேரம் இல்லை. மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், மூன்று வாரம்கூட வேண்டாம். இந்த வாரமே மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அம்மாவின் ஸ்கேனில் இருப்பது

சினைப்பையில் வரும் எல்லாவற்றையும் நாம் "கட்டி" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கும் கட்டி, அம்மாவுக்கும் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் கட்டி. அதனால்தான் ஒருவருக்குக் கேட்ட மருந்து இன்னொருவருக்கும் கேட்கும் என்று தோன்றுகிறது. மாதவிடாய் வரும் வயதில் ஒரு பெண்ணுக்கு ஒரே அறையுள்ள, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருக்கிற, 5 செ.மீ.க்குக் குறைந்த கட்டி வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் அது தானாகவே போய்விடும். அந்த நேரத்தில் அந்தப் பெண் எந்தச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தாலும் அதற்குத்தான் பேர் கிடைக்கும். "மூன்று மாதத்தில் கட்டி கரைந்தது" என்று ஊரில் நீங்கள் கேள்விப்படும் கதைகளில் பல இந்த வகை.

மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை சுருங்கி ஓய்ந்துபோகிற உறுப்பு. அங்கே புதிதாக 9 செ.மீ.க்கு ஒன்று வளர்கிறது, அதில் பல அறைகளும் திடமான பகுதியும் இருக்கின்றன, வயிற்றில் நீரும் சேர்ந்திருக்கிறது என்றால் அது தானாகக் கரையும் வகை இல்லை. இப்படிப்பட்ட கட்டிகளின் ஆபத்தைக் கணிக்க மருத்துவர்களான எங்களிடம் ஒரு பழைய, எளிய கணக்கு உண்டு. ஸ்கேனில் சந்தேகக் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் நின்றுவிட்டால் 3. இவற்றை சி.ஏ. 125 அளவோடு பெருக்க வேண்டும். விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை தெரிந்த மகப்பேறு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு 3 பெருக்கல் 3 பெருக்கல் 148, அதாவது 1332.

இதனால் அம்மாவுக்குப் புற்றுநோய்தான் என்று நான் முடிவுகட்டவில்லை. சி.ஏ. 125 எத்தனையோ காரணங்களால் ஏறும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோய் வந்தாலே வயிற்றில் நீர் கோத்து, இந்த அளவும் உயர்ந்து, புற்றைப் போலவே தோன்றும். அது மாத்திரையிலேயே குணமாகும் நோய். எது என்று தெரிய வேண்டுமானால் சி.டி. ஸ்கேனும், வயிற்றில் சேர்ந்த நீரையோ திசுவையோ எடுத்துச் செய்யும் பரிசோதனையும் வேண்டும். வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தால் அது தெரியவே போவதில்லை.

ஒருவேளை புற்றாகவே இருந்தால் காலம்தான் எல்லாம். நோய் சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள். வயிறு முழுக்கப் பரவிய பிறகு பாதிப் பேர்கூட அப்படித் தாண்டுவதில்லை. வயிற்று உப்பசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர், மூச்சு வாங்குவது என்று அம்மாவுக்கு இருக்கும் தொந்தரவுகள்தான் இந்த நோயின் அடையாளங்கள். வாய்வு, வயசு என்று தள்ளிவைத்துத் தள்ளிவைத்தே பெண்கள் தாமதமாக வருகிறார்கள். வருடக்கணக்கில் மூச்சைப் பிடித்துக் கடலில் முங்கி எழுந்த ஒருவர், இப்போது முடியவில்லை என்று சொன்னதை வீட்டில் யாராவது காதில் வாங்கியிருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் எனக்கு எழுதினீர்கள்.

தாய்மாமாவின் பயத்தையும் லேசாக ஒதுக்க வேண்டாம். அவர் அக்காவை இழக்கப் பயப்படுகிறார். "கத்தி பட்டால் பரவும்" என்ற நம்பிக்கை பெரும்பாலும், முன்பே பரவிவிட்ட நிலையில் அறுவைக்கு வந்து பிழைக்காதவர்களைப் பார்த்து வந்தது. அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது: இப்படிச் சந்தேகமுள்ள கட்டியை உடையவிட்டால் உள்ளே இருப்பது வயிற்றில் சிந்தலாம். அதனால்தான் இந்தக் கட்டிக்குள் ஊசி விட்டு நீரை உறிஞ்சி எடுக்க யாராவது முன்வந்தால் சம்மதிக்கக் கூடாது. அதனால்தான் சாதாரண அறுவைக் கூடத்தில் அவசரமாகச் செய்துகொள்ளாமல், கட்டியை முழுதாக எடுக்கப் பயின்றவரிடம் போகச் சொல்கிறேன். முறையாகத் திட்டமிட்ட அறுவை நோயைப் பரப்புவதில்லை. இந்த நோய்க்கு முதன்மைச் சிகிச்சையே அதுதான். மாமாவையும் மதுரைக்குக் கூட்டிப்போங்கள். அவர் கேட்க வேண்டியதை மருத்துவரிடம் நேராகவே கேட்கட்டும்.

"புற்றுநோய் மருந்தே செடியிலிருந்துதானே?"

வைத்தியர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதி உண்மைதான் உங்களைக் குழப்புகிறது.

நம் மாவட்டத்து மணலிலும் மயானத்து ஓரங்களிலும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கிற நித்தியகல்யாணியிலிருந்து, சுடுகாட்டுமல்லி என்றும் சொல்வோமே, வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு அருமையான மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ச் சுரப்பிப் புற்றுக்கும் அவை இன்றும் உயிர் காக்கின்றன. ஆனால் அம்மாவின் வயதில் வரும் சினைப்பைப் புற்றுக்கு அவை முதன்மை மருந்துகள் இல்லை. அந்தச் செடியில் ஆல்கலாய்டு என்ற வகை வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் கலந்து கிடக்கின்றன. புற்றுக்கு உதவுகிற இரண்டும் அதில் மிகச் சிறிய அளவுதான். டன் கணக்கில் இலையைக் காயவைத்துக் கிராம் கணக்கில் பிரிக்கிறார்கள். கடல்நீரில் உப்பு இருக்கிறது என்பதற்காக யாரும் குழம்பில் கடல்நீரை ஊற்றுவதில்லை, பாத்தி கட்டிப் பிரித்துத்தானே எடுக்கிறோம். கஷாயத்தில் அந்தப் பிரிப்பு நடப்பதில்லை. எவ்வளவு இறங்கியது என்று காய்ச்சியவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. அதிகமாக இறங்கினால் வெள்ளணுக்கள் குறையும், நரம்பு மரத்துப்போகும், குடல் அசைவு நின்று மலம் அடைக்கும், ரத்த அழுத்தம் விழும். பெரிய அறுவைக்குப் போகவேண்டிய ஒருவருக்கு வெள்ளணு குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நித்தியகல்யாணிக் கஷாயத்தை அம்மாவுக்கு ஒரு வேளைகூடக் கொடுக்காதீர்கள்.

சினைப்பைப் புற்றுக்கான முதன்மை மருந்தும் ஒரு தாவரத்திலிருந்து வந்ததுதான். அதன் கதை உங்கள் கேள்விக்கு நேரான பதில். 1962-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையோரக் காட்டில் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி என்ற இரு வேதியியலாளர்கள் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். அது செல் பிரிவதை எப்படித் தடுக்கிறது என்று 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். பிறகு எலி, பிறகு மனிதர்கள், அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த பல ஆய்வுகள். சினைப்பைப் புற்றுக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992 டிசம்பரில். பட்டைக்கும் மருந்துக்கும் நடுவே முப்பது வருடம். அதுதான் பேக்லிடாக்சல். இன்று அதை கார்போபிளாட்டின் என்ற மருந்தோடு சேர்த்து, உடல் பரப்பளவுக்கு ஏற்பக் கணக்கிட்டு, ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக மெதுவாக ஏற்றுகிறோம். வாய் வழியாகக் கொடுத்தால் குடலே அதைத் திருப்பித் தள்ளிவிடுகிறது. அப்புறம், யூ மர வகைகளின் இலையில் இதயத்தையே நிறுத்தக்கூடிய நஞ்சும் இருக்கிறது. உயிர் காக்கும் பொருளும் நஞ்சும் ஒரே மரத்தில்தான் இருந்தன. நோய் திரும்பி வந்தால் கொடுக்கும் டோபோடெக்கானும் தாவர வழி வந்ததே. அதன் மூலப்பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் உண்டு.

ஆக, அம்மாவுக்கு மூலிகை வேண்டும் என்று நீங்கள் கேட்டால், மதுரையில் அந்த மூலிகையின் பிரித்தெடுத்த, அளந்த வடிவம் காத்திருக்கிறது.

கடல்பாசிக் காணொளி பற்றி. கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளில் ஃபூக்கோய்டான் என்ற பொருள் இருக்கிறது. ஆய்வகங்களில் அதைப் புற்றுச் செல்கள் மேல் சோதித்திருக்கிறார்கள், செல்கள் இறந்ததும் உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் புற்றுச் செல்லைக் கொல்வது கஷ்டமான காரியம் இல்லை. வெறும் உப்புக் கரைசலைக் கெட்டியாக ஊற்றினாலும் அது இறந்துவிடும். கேள்வி வேறு: அதே அளவு பொருள் குடலைத் தாண்டி, ஈரலைத் தாண்டி, ரத்தத்தில் ஏறி, சினைப்பையை அடையுமா? அடைந்தாலும் நல்ல செல்லை விட்டுவிட்டுக் கெட்ட செல்லை மட்டும் கொல்லுமா? மஞ்சளில் உள்ள குர்க்குமின் தட்டில் எவ்வளவோ நல்ல முடிவுகளைத் தந்த பொருள். சாப்பிட்டால் அதில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்தில் ஏறுகிறது. அதனால் ஆராய்ச்சி வீண் என்று சொல்லவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, மண்டபத்தில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்தில், பாசிகளைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக வேலை நடக்கிறது. உங்கள் அம்மா போன்றவர்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு எடுத்துவரும் பாசியிலிருந்து நாளை ஒரு மருந்து வந்தால் என்னைவிட யார் சந்தோஷப்படப் போகிறார்கள்! ஆனால் அது இன்னும் வரவில்லை. மேலும் பழுப்புப் பாசியில் அயோடின் மிக அதிகம். அதைச் சாறெடுத்துத் தினமும் குடித்தால் தைராய்டு கெடும். தைராய்டு கெட்டால் உங்களைப் போன்றவர்களுக்கு மாதவிடாயும் கெடும். விசேஷத்துக்குக் காய்ச்சுகிற கடல்பாசி இனிப்பைச் சொல்லவில்லை, அது பாட்டுக்கு இருக்கட்டும்.

உங்களுடைய நீர்க்கட்டி

சரி, இனி உங்களுக்கு. முதலில் ஒரு பயத்தை எடுத்துவிடுகிறேன். உங்கள் சினைப்பையில் இருப்பவை உண்மையில் கட்டிகளே இல்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டை வளர வேண்டிய சின்னஞ்சிறு நீர்ப்பைகள், ஹார்மோன் சமநிலை குலைந்ததால் பாதியில் நின்றுபோய் வரிசையாகத் தெரிகின்றன. அவை அம்மாவுக்கு வந்ததுபோல் வளர்வதில்லை, கரைக்க வேண்டியதும் இல்லை. திரும்ப எடுத்த ஸ்கேனில் அவை அப்படியே இருந்ததால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று அழுதிருக்கிறீர்கள். மாதவிடாய் மூன்று மாதமாக வருகிறதே, அதுதான் தேறியதற்கு அடையாளம். இனி நீர்ப்பைகளை எண்ணுவதற்காக ஸ்கேனுக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

பி.சி.ஓ.எஸ்.-இல் நான் கவலைப்படுவது கருப்பையின் உட்சுவரைப் பற்றி. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் அந்தச் சுவர் தடித்து, பல வருடத்தில் அங்கே புற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராவிட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதை வரவழைக்க மருத்துவரைப் பாருங்கள்.

கழற்சிக்காய் உங்களுக்கு உண்மையிலேயே கேட்டதா? நேர்மையான பதில்: பிரித்துச் சொல்ல முடியாது. ஐந்து மாதத்தில் 6 கிலோ குறைத்திருக்கிறீர்கள், உங்கள் எடையில் 8 சதவீதம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்கள் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிடாய் திரும்புகிறது. அந்த உழைப்பு உங்களுடையது. பாராட்டையெல்லாம் சூரணத்துக்குக் கொடுத்துவிட்டு நடையை விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

கழற்சிக்காய் பற்றிய சோதனைகளில் பெரும்பகுதி எலிகளில் நடந்தவை. எலிக்கு இயல்பாக பி.சி.ஓ.எஸ். வராது. லெட்ரோசோல் என்ற மருந்தைத் தொடர்ந்து மூன்று வாரம் கொடுத்து அதைப் போன்ற நிலையை உண்டாக்குவார்கள். அப்புறம் மூலிகைச் சாற்றைக் கொடுத்துச் சரியாகிறதா என்று பார்ப்பார்கள். இதே லெட்ரோசோலைத்தான் நாங்கள் உங்களைப் போன்ற பெண்களுக்கு மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுத்து முட்டையை வெளிவரச் செய்கிறோம். எலிக்கு நோய் உண்டாக்கும் பொருள் அளவும் நாளும் மாறினால் பெண்ணுக்கு மருந்தாகிறது. எலியின் நோயும் உங்கள் நோயும் எவ்வளவு தூரம் வேறு என்று இதிலேயே தெரியும்.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்த தாவரப் பொருளும் உண்டு. மரமஞ்சளில் இருக்கும் பெர்பெரின் அப்படிப்பட்டது. சீனாவில் பி.சி.ஓ.எஸ். இருந்து குழந்தைக்காகக் காத்திருந்த 644 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் 36 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. பெர்பெரின் மட்டும் எடுத்தவர்களில் 22 சதவீதம். இரண்டும் சேர்த்து எடுத்தவர்களில் 34 சதவீதம். மாத்திரையோடு மூலிகையைச் சேர்த்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. லவங்கப்பட்டையிலும் சிறிய ஆய்வுகள் நடந்து, மாதவிடாய் சற்று ஒழுங்கானதாகத் தெரிகிறது. குழந்தை பிறப்பு வரை பார்த்த பெரிய ஆய்வு அதற்கு இல்லை. நீங்கள் பாதியில் விட்ட மெட்ஃபார்மின்கூட, ஐரோப்பாவில் பழைய காலத்தில் நீரிழிவுக்குக் கொடுத்த ஒரு செடியின் வேதிப்பொருளைப் பார்த்து உருவாக்கியதுதான். அந்தச் செடியே ஆடுமாடுகளைக் கொல்லும் அளவுக்கு நஞ்சு. உங்களுக்கு வாந்தி வந்தது, அளவைத் திடீரென்று ஏற்றியதாலோ வெறும் வயிற்றில் போட்டதாலோ இருக்கலாம். சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கரையும் வகையைக் கேட்டு வாங்கினால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

நான்கு வருடம் ஆகிவிட்டதால், குழந்தைக்காக இனி மூலிகையை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். மகப்பேறு மருத்துவரிடம் லெட்ரோசோல் பற்றிக் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு விந்துப் பரிசோதனை வேண்டும். கடிதம் முழுக்க நீங்கள் மட்டுமே சோதனைக்கும் கசப்புக்கும் ஆளாகியிருக்கிறீர்கள், அவர் ஒரு பரிசோதனைகூடச் செய்துகொண்டதாகத் தெரியவில்லை. குறை இருவரில் யாரிடமும் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் கரையில்தான் இருப்பார். சோதனைக்கும் சிகிச்சைக்கும் வசதியான மாதங்கள் அவை. மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவரே சொல்லட்டும்.

சேர்த்துச் சாப்பிடுவது

உங்களுக்கு: சூரணத்தைத் தொடர்வதாக இருந்தால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் பி.எஸ்.எம்.எஸ். படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம் காட்டித் தொடருங்கள். நீங்கள் வாங்குவது பெயரில்லாத பொட்டலத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உரிம எண், சேர்மானம், தயாரித்த தேதி இல்லாத பொடியில் ஈயமோ பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருந்தால் நமக்குத் தெரியப்போவதில்லை. அதோடு, புற்றுநோய், மாதவிடாய்க் கோளாறு, பெண்களின் மலட்டுத்தன்மை ஆகியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி விளம்பரம் செய்து விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

மலைவேம்புச் சாற்றில் எனக்குத் தனிக் கவலை உண்டு. மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்ணுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் லேசாக உதிரம் பட்டால் அதை மாதவிடாய் என்று நினைத்துக்கொள்வார். அந்த நாளில் சாற்றைக் குடித்தால்? குழந்தைக்கு முயலும்போது அதை விட்டுவிடுங்கள். கர்ப்பம் உறுதியானால் சூரணம், மரமஞ்சள் எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட வேண்டும்.

அம்மாவுக்கு: சூரணத்தைத் தொடங்கவே வேண்டாம்; ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள். சில மூலிகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், சில சர்க்கரையைக் குறைக்கும். அறுவை மேசையில் இரண்டும் ஆபத்து. பேக்லிடாக்சலை உடைத்து வெளியேற்றுவது ஈரல். அதே ஈரல் கஷாயத்தையும் கையாள வேண்டியிருந்தால் மருந்தின் அளவு கூடவோ குறையவோ செய்யும். இதுவரை ஏதாவது கொடுத்திருந்தால் அதை மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறைய; அந்தப் பொட்டலத்தையே கையில் கொண்டுபோய்க் காட்டிவிடுங்கள். சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, மிளகுக்குத் தடையில்லை. மீன் குழம்பும் முட்டையும் அம்மாவுக்குத் தெம்பு தரும், தாராளமாகக் கொடுங்கள். சிகிச்சையின்போது குமட்டினால் இஞ்சி கொஞ்சம் உதவும், கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மதுரைக்குப் போகும் முன்

ஸ்கேன் அறிக்கை, படங்கள், சி.ஏ. 125 அறிக்கை, ராமநாதபுரம் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, அம்மாவின் ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவும் மகப்பேறு பிரிவும் இருக்கின்றன. சென்னை போக முடிந்தால் அடையாறு புற்றுநோய் நிறுவனம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யுங்கள். ஆனால் அட்டைக்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் ரயிலேறட்டும், அட்டை வேலையை மாமா பார்க்கட்டும் என்றாலும் சரி.

அதற்குள் அம்மாவுக்கு அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டி முறுக்கிக்கொண்டதாகவோ உடைந்ததாகவோ இருக்கலாம். 108-ஐ அழைத்து நேராக ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பெரியம்மா 46 வயதில் மார்பகப் புற்றில் இறந்ததைக் கட்டாயம் மதுரையில் சொல்லுங்கள். அம்மாவுக்கு சினைப்பைப் புற்று என்று உறுதியானால், மார்பகப் புற்றுக்கும் சினைப்பைப் புற்றுக்கும் தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று முதலில் அம்மாவுக்குத்தான் சோதிக்க வேண்டும். இருந்தால் அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு வகை மாத்திரை பயன்படும். அந்தப் பிழை உங்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அப்போது நீங்களும் சோதித்துக்கொள்ளலாம். பி.சி.ஓ.எஸ்.-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அம்மாவின் திசுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், உங்களுக்குச் சோதனை தேவையா, எப்போது செய்யலாம் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.